பச்சை மருந்து இருந்த டப்பாக்கள்

யுத்த காலத்தில் நல்ல தகர டப்பா கிடைப்பது அரிது. துருப்பிடித்த மண்ணெண்ணெய் டின்னைக்கூட யாரும் தூக்கி எறியமாட்டார்கள். எனக்கோ இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று புதிதாகக் கையில் வந்துகொண்டிருந்தது. சதுரமான டப்பா. கனத்த தகரம். அழுத்தி மூடினால் எறும்பு நுழையாத மூடி. கழுவித் துடைத்தால் உள்ளே வெள்ளியாக மினுங்கும். பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்று கேட்டார்கள்.

நான் அப்போது மலேரியா ஒழிப்பு வேலையில் மேஸ்திரியாக இருந்தேன். குடியிருந்தது மேலகரத்தில். குற்றாலத்தில் சாரல் முடிந்து அருவிகள் மெலிந்த பிறகு, பாறை இடுக்குகளிலும் சிற்றாற்றின் ஓரங்களிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். காய்ச்சல் கொசு அதில்தான் முட்டையிடும். அந்தத் தண்ணீரின்மேல் தூவுவதற்கு எங்களுக்கு ஒரு தூள் வந்தது. பாரிஸ் கிரீன் என்று டாக்டர் சொல்வார். நாங்கள் பச்சை மருந்து என்போம். கிளிப்பச்சை நிறம். அரிசி மாவைவிட நைஸாக இருக்கும். பாஷாணமும் செம்பும் சேர்ந்த சரக்கு அது. சாலைப் புழுதியை அள்ளிச் சலித்து, அதில் இந்தத் தூளைக் கொஞ்சமாகக் கலந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத் தூவவேண்டும். தண்ணீரின் மேல்மட்டத்தில் மேய வரும் கொசுப் புழு அதைத் தின்று செத்துப்போகும்.

எங்கள் டாக்டர் கண்டிப்பானவர். வேலையில் சேர்ந்த அன்றே என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூக்கில் துணி கட்டாமல் கலக்கக்கூடாது. கையைக் கழுவாமல் வெற்றிலை போடக்கூடாது. வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் நுழையக்கூடாது. காலி டப்பாவை நசுக்கி, ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடவேண்டும். புதைக்கும் பொறுப்பு என்னுடையது.

கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் சரியாகச் செய்தேன். வேலைச் சட்டையை மருந்து கலக்கும் கொட்டகையிலேயே ஆணியில் மாட்டிவிட்டு, சிற்றாற்றில் முழுகிக் குளித்து, மாற்று வேட்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. வாசலில் என் தலையைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். நகக்கண்ணில் பச்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவளைத் தூக்குவேன். அப்படிப்பட்டவன்தான் டப்பாக்களையும் எடுத்துவந்தேன். நன்றாகச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று நினைத்தேன். இவ்வளவு நல்ல தகரத்தை மண்ணில் புதைப்பது பாவம் என்றும் நினைத்தேன். புதைத்தாயிற்றா என்று டாக்டர் கேட்கும்போது ஆயிற்று என்பேன்.

முதல் டப்பாவை என் மனைவியிடம் கொடுத்தேன். எதில் இருந்து வந்தது என்று கேட்டாள். அவளிடம் மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன். விஷம் இருந்த டப்பாவில் தின்கிற பண்டத்தை வைக்கத் தனக்கு மனசு வராது என்று சொல்லி, சீயக்காய்த் தூளைப் போட்டுக் குளிக்கிற இடத்தில் வைத்துவிட்டாள். எனக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது. அதற்கப்புறம் யாருக்குக் கொடுத்தாலும் உள்ளே என்ன இருந்தது என்று நான் சொல்லவில்லை. வேலையில் மிஞ்சிய டப்பா, நன்றாகக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள் என்பதோடு சரி.

அப்படி எட்டு டப்பாக்கள் வெளியே போயின. ஒன்று எங்கள் வீட்டில். ஒன்று பள்ளிக்கூட வாத்தியாருக்கு. ஒன்று தச்சருக்கு. ஐந்தருவியில் சுண்டல் விற்கிற அம்மாளுக்கு ஒன்று. அங்கேயே சீசனுக்குத் தேநீர்க் கடை போடுகிற மலையாளத்துக்காரருக்கு ஒன்று. மீதி மூன்றும் இலத்தூரில் இருந்த என் அக்காவுக்கு.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தது அவள்தான். அத்தானுக்கு இலத்தூரில் கொஞ்சம் வயல் இருந்தது. தானே உழுது நடுகிறவர். அவர்களுக்குப் பல வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து பிறந்தவள் ஒரே மகள், எனக்கு மருமகள். அப்போது ஐந்து வயது. நான் சைக்கிளில் போய் இறங்கினால் "மாமா என்ன கொண்டாந்தீங்க" என்று கேட்டுக்கொண்டே சைக்கிள் கம்பியில் ஏறிக்கொள்வாள். வெறுங்கையோடு போக எனக்குப் பிடிக்காது. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, அடுத்த ஆடியில் ஒன்று என்று டப்பாக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா மூன்றிலும் கருப்பட்டி போட்டு வைத்தாள். சீனி கிடைக்காத காலம். அந்த வீட்டில் காலையும் மாலையும் கருப்பட்டிக் காப்பிதான்.

சாரல் காலத்தில் கருப்பட்டி நீர் விட்டுக் கசியும். டப்பாவின் அடி மூலைகளில் பாகு இறங்கி நிற்கும். மருமகள் அதை விரலால் வழித்து நக்குவாள். அக்கா வைவாள். நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஆவணியிலிருந்து பிள்ளைக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்டது நிற்காது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். பிறகு நான்கு நாள் நன்றாக இருப்பாள். தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. வைத்தியர் பூச்சி என்று மருந்து கொடுத்தார். ஒருவர் கண்ணேறு என்றார். செங்கோட்டையில் ஒருவரிடம் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். நான் போய்ப் பார்த்தேன். சுகாதார வேலை பார்க்கிறவன் அல்லவா, எனக்குத் தெரிந்ததைச் சொல்லவேண்டும் என்று இருந்தது. கிணற்றுத் தண்ணீரில்தான் கோளாறு என்றேன். நானே கொண்டுவந்து கிணற்றில் கிருமி கொல்லும் பொட்டாசியம் போட்டேன். தண்ணீர் செம்பருத்திச் சாறுபோல ஆயிற்று. இனிமேல் கொதிக்க வைக்காத தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்காதே என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் அப்படியே கேட்டாள். கொதித்த தண்ணீர் பிள்ளைக்குச் சப்பென்று இருக்கிறது என்று அதில் கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கொடுத்தாள்.

கார்த்திகையில் எனக்கு ஆள் வந்தது. நான் போய்ச் சேரும்போது பிள்ளைக்கு அரிசி கழுவிய தண்ணீராக வயிறு போய்க்கொண்டிருந்தது. கால் ஆடுசதை இழுத்துக்கொண்டது. கண் குழிந்து கிடந்தது. என்னை அடையாளம் தெரிந்து "மாமா, தண்ணி" என்றாள். நான்தான் கொடுத்தேன். ஆறவைத்த தண்ணீரில் கருப்பட்டி கரைத்து அக்கா தம்ளரில் வைத்திருந்தாள். அதைத்தான் கொடுத்தேன். மறுநாள் உச்சிப் பொழுதுக்குள் அடங்கிவிட்டாள்.

வாந்திபேதி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. அத்தானும் நானும் மட்டும் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தோம். குழியில் மண் தள்ளும்போது அத்தான் இரண்டு முறை தடுமாறி உட்கார்ந்தார். துக்கத்தில் என்று நினைத்தேன்.

மாசி மாதம்வரை நான் இலத்தூர்ப் பக்கம் அதிகம் போகவில்லை. போனால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதற்கிடையில் எங்கள் கொட்டகையில் ஒன்று நடந்தது. தூள் கலக்கும் ஆள் ஒருவர் இருந்தார். ஐம்பது வயசுக்காரர். மண்வெட்டியால் கலந்தால் சரியாகச் சேராது என்று வெறுங்கையால் பிசைவார். எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார். ஒருநாள் அவர் சட்டையைக் கழற்றியபோது டாக்டர் பார்த்துவிட்டார். கழுத்திலும் முதுகிலும் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். புழுதித் தரையில் முதல் தூறல் விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. உள்ளங்கையில் கடுகு கடுகாக முடிச்சுகள். உள்ளங்கால் எரிகிறதா என்று டாக்டர் கேட்டார். எரிகிறது, செருப்புப் போட்டது தெரியவில்லை, மெத்தையில் நடப்பதுபோல இருக்கிறது என்றார் அவர். இது பாஷாணம் உள்ளே போனதால் வருவது என்று டாக்டர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்றே அவரைக் கலவையிலிருந்து மாற்றி, வாய்க்கால் புல் செதுக்குகிற வேலைக்கு அனுப்பினார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து இலத்தூர் போனேன். அத்தான் முற்றத்தில் கட்டிலில் கிடந்தார். வயலுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். வரப்பில் நடந்தால் கால் நிற்கவில்லையாம். அக்கா அவருடைய உள்ளங்காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரவு பகல் எரிகிறது, நெருப்பில் வைத்தாற்போல இருக்கிறது என்றார். அக்கா காலைத் திருப்பியபோது உள்ளங்காலில் அந்த முடிச்சுகளைப் பார்த்தேன். பிறகு அவர் கழுத்தைப் பார்த்தேன்.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அத்தான் எங்கள் தூளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அக்கா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "இரி, காப்பி போட்டாரேன்" என்று அடுக்களைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். அவள் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள்.

அவள் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கினேன்.

"இது எந்த டப்பாக்கா?"

"நீ குடுத்ததுதாம்லே. மூணுலயும் கருப்பட்டிதான் போட்டு வச்சிருக்கேன். எறும்பு வராதுல்லா."

"நீயும் இதத்தான் குடிக்கியா?"

"எனக்கு எங்க மிஞ்சுது? அவருக்கும் பிள்ளைக்கும் போட்டது போக இருந்தா ஒரு வாய். என்னலே, மொகம் ஏன் இப்பிடி இருக்கு?"

நான் டப்பாவைப் புறவாசலுக்குக் கொண்டுபோய்க் கருப்பட்டியைத் தரையில் கொட்டினேன். அரிவாளை எடுத்து, அடித்தகடு மடித்து ஒட்டியிருந்த மூட்டில் கொடுத்து நெம்பினேன். மடிப்பு விரிந்தது. மேலே கறுப்பாகப் பாகு. அதைச் சுரண்டினால் அடியில் பச்சை. நான்கு மூலையிலும் இருந்தது. மற்ற இரண்டையும் கொண்டுவந்து நெம்பினேன். அவற்றிலும் இருந்தது. மூன்றாவது டப்பா அதிகம் புழங்காதது. அதில் மடிப்பு முழுக்கப் பசேலென்று நின்றது.

அக்கா வந்து நின்று பார்த்தாள்.

"என்னது அது?"

"மருந்து."

"என்ன மருந்து?"

"கொசுப் புழுவுக்குத் தூவுதது. பாஷாணம்."

அவள் மெல்லக் குந்தி உட்கார்ந்தாள். பிளந்து கிடந்த தகரத்தின் மூலைகளைப் பார்த்தாள். அழுவாள், என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

"மூலையத்தான் வழிச்சுத் திம்பா" என்றாள்.

பிறகு கேட்டாள். "உள்ள இது இருந்துச்சுன்னு தெரிஞ்சுதான் குடுத்தியா?"

"கழுவினாப் போயிரும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னா நீ வாங்கமாட்டேன்னு" என்று ஆரம்பித்தேன்.

முற்றத்திலிருந்து அத்தான் என்ன சத்தம் என்று கேட்டார். அக்கா எழுந்தாள். டப்பா துருப்பிடித்துவிட்டது, தம்பி உடைத்துப் போடுகிறான் என்று அவரிடம் குரல் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவருகிட்டச் சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. பிள்ளயும் போச்சு. இது தெரிஞ்சா எனக்குப் பொறந்த வீடும் போயிரும்."

பிளந்த மூன்று டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு அன்றே மேலகரம் திரும்பி டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை டப்பா வெளியே போயிருக்கிறது என்று மட்டும் கேட்டார். எட்டு என்றேன். மூன்று வந்தாயிற்று, மீதி ஐந்தும் வந்து சேர்ந்த பிறகு நீ வேலைக்கு வந்தால் போதும் என்றார். மறுநாள் அவரே என்னோடு இலத்தூருக்கு வந்து அத்தானைப் பார்த்தார். அக்கா சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருந்ததால் காரணத்தைப் பற்றிப் பேசவில்லை. பாலும் முட்டையும் கொடுக்கச் சொன்னார். திரும்பும் வழியில், இனிமேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனதை வெளியே எடுக்கத் தன்னிடம் மருந்து இல்லை என்றார்.

டப்பாக்களைத் தேடிப் போனேன். எங்கள் வீட்டு டப்பாவைச் சீயக்காயோடு எடுத்துப்போய்க் கொட்டகையில் வைத்தேன். என் மனைவி மருமகளை நினைத்து அழுதுகொண்டே இருந்தாள். வாத்தியார் சாக்குக்கட்டி போட்டு வைத்திருந்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தச்சர் ஆணி போட்டிருந்தார். ஆணிகளைக் கோணிச் சாக்கில் கொட்டிக்கொண்டு டப்பாவை என் காலடியில் வைத்தார். இரண்டு பேரிடமும் காரணத்தைச் சொன்னேன். நம்பினார்களா என்று தெரியவில்லை.

ஐந்தருவி அம்மாள் அதில் உப்பு வைத்திருந்தாள். சுண்டலுக்குப் போடுகிற உப்பு. ஈரத்தில் கசிந்து கட்டியாகி மூலையோடு ஒட்டிக் கிடந்தது. கொடு என்றதும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு சீசன் பூரா வச்சிப் பொழங்கியாச்சு. குடுத்துட்டு வாங்குதது என்ன நியாயம் அண்ணாச்சி?"

பாஷாணம் இருந்த டப்பா என்று சொன்னேன். அப்படியானால் என்னிடம் ஏன் கொடுத்தீர் என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான். வீட்டுக்குப் போய், என் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைத் தூக்குச் சட்டியை எடுத்துவந்து கொடுத்த பிறகுதான் டப்பாவை விட்டாள். அவளுக்கு அதுவரை உடம்புக்கு ஒன்றும் இல்லை. வியாபாரச் சுண்டலைத் தான் தின்பதில்லை என்றாள். அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வந்து வாங்கித் தின்றவர்கள் எந்தெந்த ஊர்க்காரர்களோ. அவர்களில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வழியில்லை.

தேநீர்க் கடைக்காரர் சீசன் முடிந்ததும் கடையைப் பிரித்துக்கொண்டு போயிருந்தார். புனலூர்ப் பக்கம் என்று சொன்னார்கள். அந்த டப்பாவில் அவர் எதை வைத்திருந்தார் என்று பக்கத்துக் கடைகளில் விசாரித்தேன். தேயிலை என்றார் ஒருவர். வெல்லம் என்றார் இன்னொருவர். ரயிலேறிப் புனலூர் போய் மூன்று நாள் கடை கடையாகத் திரிந்தேன். பெயர் தெரியும், வீட்டுப்பேர் தெரியாது. கிடைக்கவில்லை. அடுத்த சீசனில் வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்கடுத்த சீசனிலும் வரவில்லை. அந்த ஒரு டப்பா வரவே இல்லை.

கிடைத்தவற்றை டாக்டர் முன்னால் வைத்து, உளியால் அடியில் ஓட்டை போட்டு, நசுக்கி, ஆள் உயரக் குழியில் போட்டு மூடினேன். அதற்குமேல் அவர் என்னைத் தண்டிக்கவில்லை. ஒன்று குறைந்திருந்தும் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பின்னால் வேறு வேறு மருந்துகள் வேறு வேறு டப்பாக்களில் வந்தன. காலியானதும் முதலில் உளியை எடுத்துவிடுவேன். வேலையாட்கள் எனக்குப் பின்னால் சிரித்துக்கொள்வார்கள். கேட்டவர்களுக்கு நான் காரணம் சொன்னதில்லை.

அத்தான் பிழைத்துக்கொண்டார். எரிச்சல் குறைய ஒரு வருஷம் ஆயிற்று. கால் முழுசாகத் திரும்பவில்லை. கம்பு ஊன்றித்தான் நடந்தார். வயலை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அடுத்தவர் உழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து தன் உயிரைக் காப்பாற்றியது நான்தான் என்று அவர் நம்பினார். யார் வீட்டுக்கு வந்தாலும், "எம் மச்சினம் மட்டும் இல்லன்னா நான் அப்பமே போயிருப்பேன்" என்பார். பொங்கலுக்குப் போனால் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, மாப்பிளைக்கு நல்லா வையி என்று அக்காவிடம் சொல்லுவார். அவள் வைப்பாள். நான் தலையைக் குனிந்து சாப்பிடுவேன்.

அப்படியே முப்பது வருஷத்துக்குமேல் போயிற்று. அக்கா என்னோடு பேசாமல் இருந்ததில்லை. என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து மாவிடித்தாள். ஆனால் நான் வாங்கிக்கொண்டு போகிற எதையும் அவள் கையில் வாங்கமாட்டாள். அங்கன வையி என்பாள். பழமானாலும் சேலையானாலும் அப்படித்தான். நான் கிளம்பிய பிறகு அதை எடுத்தாளா, யாருக்காவது கொடுத்தாளா என்று நான் பார்த்ததில்லை.

அத்தான் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தோம். அத்தனை வருஷத்தில் அன்று ஒருமுறைதான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"கடைசி வரைக்கும் ஒன்ன நல்லவன் நல்லவன்னே சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. வெயில் ஏறுவதற்குள் புறப்படு, பஸ் போய்விடும் என்றாள். நான் எழுந்து செருப்பை மாட்டினேன்.